ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போவது

மண்ணடியில் ஒரு ஏற்றுமதி முகவர் அலுவலகத்தில் ஆவணப் பிரிவு என் பொறுப்பு. வீடு தண்டையார்பேட்டை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால் எனக்கு அன்று இரவுத் தூக்கம் கிடையாது. லாரி துறைமுக வாயிலை எட்டுவது நள்ளிரவானாலும், ஏதாவது ஒரு தாள் குறைகிறது என்று என் கைப்பேசிதான் அடிக்கும்.

ஹாம்பர்க்கில் உள்ள கூட்டாளி நிறுவனத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இரவாவது நமக்குக் கிடைக்கும் என்று கிளம்பினேன். ஆனால் கோடையில் ஜெர்மனி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கி இருக்கிறது. மண்ணடியில் ஒன்பது மணிக்கு ஷட்டர் ஏறும்போது அங்கே விடியற்காலை ஐந்தரை. படுக்கையில் உட்கார்ந்தபடியே சென்னைக்குப் பதில் அனுப்பிவிட்டு, பிறகு அந்த ஊர் வேலைக்கு ஓடுவேன்.

ஒரு நாள் குழுத் தலைவி என்னை அழைத்தார். முந்தைய நாள் மாலை ஏழரைக்கு நான் அனுப்பிய மின்னஞ்சலும் அன்று காலை ஐந்தரைக்கு அனுப்பியதும் அவர் திரையில் அடுத்தடுத்து இருந்தன. "நடுவில் பத்து மணி நேரம்தான் இருக்கிறது. பதினொன்று இருக்க வேண்டும்" என்றார். அது 1994ஆம் ஆண்டின் வேலை நேரச் சட்டம். நாளொன்றுக்கு 8 மணி நேரம். 10 வரை நீட்டலாம், ஆனால் ஆறு மாதச் சராசரி எட்டைத் தாண்டக்கூடாது. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்குவதற்குள் 11 மணி நேரம் தொடர்ச்சியான ஓய்வு வேண்டும்.

அடுத்து அவர் கேட்டதுதான் எனக்குப் பெரிது. "உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத வேலை எது? எழுதிக் கொடுங்கள்." எழுத எழுத இரண்டு பக்கம் நிறைந்தது.

அங்கே மாலையில் கிளம்பும் முன் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பு எழுதிவைக்கிறார்கள். கன்டெய்னர் எண், சீல் எண், கப்பலின் பெயர், எடைச் சான்று வந்ததா, சுங்க அனுமதி எந்த நிலையில் நிற்கிறது, சிக்கல் என்றால் யாரை அழைப்பது. புதிதாக வந்தவர் படித்தாலும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர முடிய வேண்டும். முடியாவிட்டால் எழுதியவரிடமே குறிப்பு திரும்பி வரும். என் குறிப்புகள் ஆரம்பத்தில் திரும்பத் திரும்ப வந்தன. அந்தத் துறைமுகமும் இரவில் ஓய்வதில்லை. ஆள் மட்டும் மாறுகிறார். இத்தனை நாளும் என்னுடைய திறமை என்று பாராட்டப்பட்டது உண்மையில் ஆள் பற்றாக்குறை என்று அங்கேதான் புரிந்தது.

எல்லாமே பிடித்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தை நடக்கும், 1703 முதல் நடக்கிறது. காசிமேட்டுக் கூட்டத்தை நினைத்துக்கொண்டு விடியும் முன்பே போவேன். அது முடிந்ததும் ஊரே கடையடைப்பு. அரிசி தீர்ந்தால் ரயில் நிலையக் கடைதான் கதி. அந்தக் கெடுபிடி நமக்கு ஒத்துவராது.

ஆனால் ஐந்து மணிக்கு வேலை முடிந்துவிடும். இங்கே அப்போது எட்டரை. தினமும் மகளோடு நிதானமாகப் பேசினேன். தண்டையார்பேட்டையில் ஒரே கூரையின் கீழ் இருந்தபோது அதே எட்டரைக்குக் காதில் கைப்பேசியோடு "கொஞ்சம் இரும்மா" என்று கையைக் காட்டிக்கொண்டிருப்பேன். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போய்த்தான் குழந்தையோடு பேச முடிகிறது என்றால் அந்த வேலை முறையை மாற்றித்தான் ஆக வேண்டும்.

திரும்பி வந்து மேலாளரிடம் பேசினேன். "இது ஜெர்மனி இல்லையே அம்மா" என்றார். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது பக்கத்தில் பெரம்பூரில்தான் என்றேன். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரலில் நம் சட்டப்பேரவையில் நிறைவேறியும், எதிர்ப்பு வலுத்து மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதையும் நினைவுபடுத்தினேன். ஓய்வு கேட்பது வெளிநாட்டிலிருந்து நான் கொண்டுவந்த பழக்கம் இல்லை.

நேரத்தைக் குறைக்கச் சொல்லி நான் வாதாடவில்லை. குறிப்பெழுதுவதில் தொடங்கினேன். பிரிவில் நான்கு பேர். இரவுக்கென்று ஒரு பொதுக் கைப்பேசி, வாரம் ஒருவர் கையில். இரவில் விழித்தவர் மறுநாள் மதியம் வந்தால் போதும். லாரி ஓட்டுநர்கள் பழைய எண்ணுக்கே அழைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் புது எண்ணைச் சொல்லிச் சொல்லித்தான் பழகியது.

அதே கேள்வியை வீட்டுக்கும் போட்டேன். சிலிண்டர் பதிவு, தண்ணீர் லாரி, டியூஷன் கட்டணம், அத்தையின் மாத்திரை என்று தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். சிலிண்டரும் தண்ணீரும் இப்போது கணவர் பொறுப்பு. அத்தை தாளைப் படித்துவிட்டு, "என் மாத்திரை எனக்குத் தெரியாதா? நீ கேட்டதே இல்லையே" என்றார்.

மார்ச் கடைசி வாரத்துக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. நிதியாண்டு முடியும் நேரம், நான்கு பேருமே விழித்திருக்க நேர்கிறது. இன்னொருவரை நியமிக்கும்படி எழுத்தில் கேட்டிருக்கிறேன். அடுத்த மார்ச்சுக்குள் முடிவு சொல்வதாக மேலாளர் கூறியிருக்கிறார்.