மூணு மணி நம்பர்

டிசம்பர் 2
ராத்திரி மூணு மணிக்கு மகளுக்கு சுகர் 58. அவளுக்கு டைப் ஒன், அதாவது உடம்பு இன்சுலினே சுரக்காத சர்க்கரை நோய். குளுக்கோஸ் கரைச்சுக் கொடுத்தேன், அரைக் கண்ணில் குடிச்சா. கால் மணி கழிச்சு 91. அவ தூங்கிட்டா.

டிசம்பர் 3
கார்த்திகை. முகப்பிலிருந்து ரெண்டாங்கட்டு வரைக்கும் விளக்கு. பொரி உருண்டைக்கு எவ்வளவு கார்ப், அதான் மாவுச்சத்துன்னு அவளே கணக்குப் போட்டு, அவளே இன்சுலின் பேனாவைத் திருகி அளவு வச்சுக்கிட்டா. பதினோரு வயசு.

டிசம்பர் 6
பள்ளத்தூர் ஆச்சி கவுனி அரிசி கொண்டாந்து வச்சு, "இதைப் பொங்கிக் குடு, சுகர் இருந்த இடம் தெரியாது"ன்னாக. போன மாசம் வேற ஒருத்தர் ஆவாரம்பூ. அவ உடம்பே இன்சுலின் சுரக்குற அவளோட பீட்டா செல்லை அழிச்சிருச்சு, அரிசி வந்து அதை முளைக்க வைக்குமான்னு கேட்க வாய் வரைக்கும் வந்துச்சு. காபி போட்டுக் குடுத்தேன்.

டிசம்பர் 8
சிங்கப்பூர்லேர்ந்து இவுக ராத்திரி ஒரு செய்தி அனுப்பியிருக்காக. எந்தச் செல்லாவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த கணையத் திட்டுகளை, அதாவது இன்சுலின் சுரக்குற செல் கூட்டத்தை, முழு அளவு ஏத்திக்கிட்ட 12 பேர்ல 10 பேர் ஒரு வருஷத்துல இன்சுலினை விட்டுட்டாங்க. அது 2025 ஜூன்லயே வந்த சேதி. "பன்னெண்டுக்குப் பத்து, இன்னும் என்னதான் வேணும் உனக்கு?"

ஏத்துன செல்லை உடம்பு அழிக்காம இருக்க அவங்க எதிர்ப்பு சக்தியை அடக்குற மாத்திரை போட்டுக்கணும். அந்த மாத்திரை வேண்டாம். அதான் வேணும்.

2000-ல கனடா எட்மன்டன்ல டாக்டர் ஷாபிரோ குழு ஏழு பேருக்குக் கல்லீரலுக்குப் போற ரத்தக் குழாய் வழியா திட்டுகளை விட்டப்பவும் ஏழு பேரும் இன்சுலின் ஊசியை நிறுத்திட்டாங்க. அந்த முறையில செஞ்சுக்கிட்டவங்களை அஞ்சு வருஷம் கழிச்சுப் பார்த்தா, பெரும்பாலானவங்க திரும்ப ஊசியில. நடுவுல டாக்ரோலிமஸ்ங்கிற அடக்குற மாத்திரை வேற. அது சிறுநீரகத்தையும் கெடுக்கும், எந்தப் பீட்டா செல்லைக் காப்பாத்தப் போடுறாங்களோ அதையும் கெடுக்கும். ஊசிக்குப் பதிலா அந்த மாத்திரைன்னா, என் பிள்ளைக்கு ஊசியே இருக்கட்டும்.

அந்த மாத்திரை இல்லாமன்னா, மறுபடி ஸ்வீடன்ல உப்சாலாவுல நடந்த சோதனைதான். 42 வயசு ஆளு, 37 வருஷமா டைப் ஒன். 2024 டிசம்பர்ல முன்கைத் தசையில 17 இடத்துல ஏத்துனாங்க. இறந்துபோன ஒருத்தரோட திட்டுகள்தான், ஆனா மரபணுவைத் திருத்துனது. அடக்குற மாத்திரை ஒண்ணுகூடக் கிடையாது. 12 வாரம் கழிச்சும் செல் உசுரோட இருந்து சி-பெப்டைட் சுரந்துச்சு, இன்சுலின் உண்டாகுதுங்கிறதுக்கு அதான் அடையாளம். ஏத்துன அளவு ரொம்பக் கம்மி, அதனால இன்சுலின் போட்டுக்கிட்டுதான் இருந்தார். அதை மட்டும் செய்திக்காரங்க கடைசி வரியில ஒளிச்சு வைக்கிறாங்க.

டிசம்பர் 9
காலையில 243. யாரோடயும் பேசலை.

டிசம்பர் 12
பட்டாலையில உக்காந்து அத்தை கேட்டாக: "அந்நியச் செல்லை உடம்பு எப்படித்தா சும்மா விடும்?"

நம்ம வீட்டு விசேஷத்துக்குப் புதுசா ஒருத்தர் வந்தா முதல்ல என்ன கேப்போம்? எந்த ஊரு, எந்தக் கோயில்? உடம்பும் அதையேதான் கேக்குது. செல் தன் மேல காட்டுற ஹெச்எல்ஏ அடையாளம்தான் பதில். பி2எம், சிஐஐடிஏன்னு ரெண்டு மரபணுவை கிரிஸ்பர்ங்கிற மரபணுக் கத்திரியால வெட்டிட்டா அந்த அடையாளம் மேல வராது, அந்நியரைத் தேடி அழிக்கிற டி செல்லுக்கு ஆளே தெரியாது. ஆனா கோயிலே சொல்லாத ஆளைச் சந்தேகப்படவும் வாசல்ல ஒரு கூட்டம் இருக்கு, இயற்கைக் கொல்லி செல்லுன்னு. அதுக்குத்தான் ஒரு வைரஸ் மூலமா சிடி47 மரபணுவைக் கூடுதலா ஏத்துறது. 'என்னைத் தின்னாதே'ன்னு சொல்ற புரதம் அது. உப்சாலாவுல திருத்தம் பாதியில நின்ன செல்லையெல்லாம் அந்த ஆளோட உடம்பு எதிர்த்துச்சு. முழுசாத் திருந்துனதை மட்டும் விட்டுருச்சு.

அத்தை கொஞ்ச நேரம் யோசிச்சாக. "அப்ப அந்தச் செல்லு நாளைக்கு வேற மாதிரி கெட்டுப்போச்சுன்னா, அதையும் உடம்பு கண்டுக்காதா?"

டாக்டர்ட்ட நான் கேக்க வேண்டிய கேள்வி.

டிசம்பர் 14
மூணு மணிக்கு 118. முழிச்சது தண்டம்.

டிசம்பர் 17
செல் ஏத்துற இந்தச் சோதனையெல்லாம் பதினெட்டு தாண்டினவங்களுக்குத்தான். பக்கத்துல உக்காந்து அவளும் படிச்சா. "அப்ப எனக்கு காலேஜ்ல"ன்னு சொல்லிட்டு வீட்டுப்பாடத்தைத் திறந்துட்டா. எனக்குத்தான் அதுக்கப்புறம் எந்த வேலையும் ஓடலை.

டிசம்பர் 20
பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கணுமாம், அதான் மாவுல நூல் திரி வச்சு ஏத்திச் சாப்பிடுறது. மாவுல வெல்லம் கம்மி பண்ணவான்னேன். "எல்லாருக்கும் எப்படியோ அப்படியே எனக்கும். கணக்கு நான் போட்டுக்குறேன்." திரி எரியிறப்பவே வாயில போடணும், ஊதி அணைச்சுட்டுப் போடக் கூடாதுன்னு எனக்கே பாடம் எடுக்குறா.

சாயங்காலம் கதவுல கை உரசி, கையில ஒட்டியிருந்த சுகர் பார்க்குற சென்சார் கழண்டுருச்சு. கைவசம் வேற இல்லை. மதுரையில சொல்லியாச்சு, திங்கக்கிழமைதான் வருமாம். விரல்ல குத்திப் பார்க்குற ஸ்ட்ரிப் டப்பாவைத் தேடணும்.