துளையைச் சுற்றி ஒரு விரல் அகலம்

பொங்கல் விடுமுறைக்குக் கடலூர் வந்திருந்த தம்பி ஒருவர், என் பட்டறைக்குக் கிட்டாரைக் கொண்டுவந்தார். இரண்டு வருடங்களுக்கு முன் நானே செய்துகொடுத்தது. "அண்ணா, கோடு மாதிரி ஏதோ தெரியுது. வார்னிஷா மரமான்னு பாருங்க" என்றார். ஒலித்துளையின் விளிம்பில் தொடங்கி, விரல் வைத்து வாசிக்கும் பலகையான ஃபிங்கர்போர்டை ஒட்டியே மேலே ஏறியிருந்தது முடி அளவுக் கீறல். கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். ஒரு கரை கீழே இறங்கியது, மறு கரை அசையவில்லை. மரம்தான்.

பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். துளையைச் சுற்றி வலுவுக்காக நான் ஒட்டிய மெல்லிய மரத் துண்டுகள் பெயராமல் இருந்தன. ஆனால் அவற்றின் நார், மேல்பலகையின் நார் ஓடும் திசையிலேயே ஓடியது. பிளவு ஓட வசதியாக நானே பாதை போட்டுக் கொடுத்திருக்கிறேன். தலை சுற்றியது.

என் அப்பா கதவு, ஜன்னல் செய்தவர். கதவுப் பலகைகளுக்குப் பின்னால் குறுக்குச் சட்டம் அடிப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். மரம் நாரோடுதான் பிளக்கும், அதனால் பிடிப்பு குறுக்கே இருக்க வேண்டும். கதவில் தெரிந்த பாடம் கிட்டாரில் எனக்குத் தோன்றவில்லை.

துளை இருக்கும் இடமே ஆபத்தான இடம். ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுக்கின்றன. நெக், அதாவது கிட்டாரின் கழுத்து, முன்னால் மடங்கப் பார்க்கிறது; கம்பிகளின் மறுமுனையைப் பிடித்திருக்கும் கட்டையான பிரிட்ஜ் துளைப் பக்கமாகச் சாயப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் சுமார் 100 மில்லிமீட்டர் அகலத்துக்கு மரத்தையே வெட்டி எடுத்துவிடுகிறோம். போதாததற்கு அழகுக்காகத் துளையைச் சுற்றி ரோசெட் என்ற அலங்கார வளையம் பதிக்கிறோம். என் மேல்பலகை 2.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். ரோசெட்டுக்கு 1.5 மில்லிமீட்டர் ஆழம் குடைந்தால் அடியில் மிஞ்சுவது 1.3. பார்ப்பவர் கண் முதலில் போகும் இடம், பலகையிலேயே மெலிந்த இடம். உள்ளே ஒட்டும் துண்டு, குடைந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறது.

அந்தத் தம்பி சென்னையில் இரவும் பகலும் ஏசி ஓடும் அறையில் இருக்கிறார். எங்கள் கடற்காற்றில் ஊறிய ஸ்ப்ரூஸ் அங்கே காய்ந்து சுருங்கியிருக்கிறது. அதன்மேல் ஒட்டியிருந்த ஈட்டி மர ஃபிங்கர்போர்டு அதே அளவுக்குச் சுருங்கவில்லை. இழுபறி அதன் ஓரத்தில் வெடித்தது.

கம்பிகளைத் தளர்த்தி, கிட்டாரைப் பெட்டிக்குள் ஈரமான ஸ்பாஞ்சோடு நான்கு நாள் வைத்தேன். ஸ்பாஞ்ச் மரத்தில் படாமல் துளையிட்ட சோப்பு டப்பாவில் அடைத்திருந்தேன். கீறல் தானாக மூடிக்கொண்டது. பிறகு பசையை விரலால் தேய்த்துத் தேய்த்து, மேலும் கீழும் அசைத்து உள்ளே இறக்கினேன். அடியில் 1.5 மில்லிமீட்டர் ஸ்ப்ரூஸ் துண்டுகளை, நார் கீறலுக்குக் குறுக்கே வரும்படி ஒட்டினேன். கை நுழையாத மூலையில் கிளாம்ப் ஏது? உள்ளே ஒரு காந்தம், வெளியே ஒரு காந்தம். நடுவில் மெழுகுத்தாள் வைத்துச் சேர்த்ததும் 'டக்' என்று பிடித்துக்கொண்டன.

இதோடு பயந்து, அடுத்த கிட்டாரில் துளையைச் சுற்றி அகலமாக, தடிமனாகக் குறுக்கு நாரில் ஒரு வளையம் ஒட்டினேன். அதுவும் தப்பு. மரம் நாருக்குக் குறுக்கே சுருங்கும், நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்காது. அகலமான குறுக்குத் துண்டு பலகையை நகரவிடாமல் பூட்டிவிடும், வெடிப்பு அந்தத் துண்டின் விளிம்புக்கு இடம் மாறும். அப்பா குறுக்குச் சட்டத்தை ஆணியால் அடித்தாரே தவிர பசை போட்டதில்லை, பலகை கொஞ்சம் நகர வேண்டும் என்பதற்காகத்தான். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வளையத்தைச் சூடுபடுத்திப் பெயர்த்தெடுக்க ஒரு நாள் முழுக்கப் போனது.

இப்போது ஒரு விரல் அகலம்தான். தடிமன் 2 மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை. ஓரங்களை உப்புத்தாளால் ஒன்றுமில்லாத அளவுக்குச் சரித்துவிடுவேன். துளைக்கு மேலே கொஞ்சம் தாராளமாக வைக்கிறேன், அந்தப் பகுதி ஓசைக்கு அதிகம் வேலை செய்வதில்லை. பிரிட்ஜ் பக்கம் மட்டும் கஞ்சத்தனம், அங்கேதான் பலகை பேசுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பட்டறை ஈரமானி 80 காட்டும்போது ஒட்டுவதே இல்லை. அறையைப் பூட்டி, ஈரம் 45, 50 சதவீதத்துக்கு இறங்கிய பிறகே பசை டப்பாவைத் திறப்பேன்.

இந்த வாரம் மேஜையில் இருப்பது பண்ருட்டிப் பலாவில் பின்பலகை போட்ட கிட்டார். வீணைக்கு உகந்த மரம், இழைக்கும்போதே மஞ்சளாக மின்னுகிறது. மேல்பலகையின் உட்புறத்தில் நான்கு துண்டுகள் பசைக்குக் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நார் ஓடும் திசைக்குப் பென்சிலால் அம்புக்குறி போட்டிருக்கிறேன்.