கான்கார்டு பாலம்: மூன்றாவது வாரம்

நான் செய்துவரும் போர்க்காட்சியின் சிறு மாதிரியில் பாலம் எழுந்து நின்றுவிட்டது. ஐஸ் குச்சிகளை நீளவாட்டில் பிளந்து, டீ டிகாஷனில் ஒரு ராத்திரி ஊறவைத்து ஒட்டினேன். மழையில் நனைந்து பழகிய பலகையின் நிறம் அப்படியே வந்திருக்கிறது. நடுவில் நாலைந்து பலகைகளை மட்டும் ஒட்டாமல் விட்டிருக்கிறேன். காரணம் இருக்கிறது.

நான் செய்வது அமெரிக்கச் சுதந்திரப் போர் தொடங்கிய 1775 ஏப்ரல் 19 காலை, மாசசூசெட்ஸில் உள்ள கான்கார்டு ஊர். ஊரார் சேர்த்துவைத்த பீரங்கிகளையும் வெடிமருந்தையும் அழிக்க, பாஸ்டனிலிருந்து பிரிட்டிஷ் ஜெனரல் கேஜ் சுமார் 700 சிப்பாய்களை அனுப்பியிருந்தார். வழியில் லெக்சிங்டனில் எட்டுப் பேரைக் கொன்றுவிட்டுத்தான் அவர்கள் இங்கே நுழைந்தார்கள். சரக்கில் பெரும்பகுதியை ஊர்க்காரர்கள் அதற்குள் இடம் மாற்றிவிட்டார்கள்.

இந்த வாரம் முழுக்கக் குன்றோடுதான் மல்லுக்கட்டு. முதலில் தெர்மாகோலை இரண்டு அங்குலத்தில் வெட்டினேன். மேலே ஒரு பொம்மையை நிறுத்தி, அதன் கண் மட்டத்துக்குக் குனிந்து பார்த்தால் ஊர் தெரியவில்லை, மரங்கள் மறைத்தன. குன்றிலிருந்து புகை தெரியாவிட்டால் இந்தக் காட்சிக்கே அர்த்தமில்லை. பிய்த்துவிட்டு நாலு அங்குலத்தில் மறுபடி வெட்டினேன்.

ஊருக்குள் கிடைத்த பீரங்கி வண்டிகளைச் சிப்பாய்கள் கொளுத்தினார்கள். தீ நீதிமன்றக் கட்டடத்துக்குத் தாவியது, அணைத்தும் விட்டார்கள். ஆனால் பாலத்துக்கு மேலே குன்றில் நின்ற சுமார் 400 ஊர்ப்படையினருக்குத் தெரிந்தது புகை மட்டும்தான். ஊரையே எரிக்கிறார்கள் என்று நினைத்துப் பாலத்தை நோக்கி இறங்கினார்கள். முதலில் நாம் சுடக்கூடாது என்பது அவர்களுக்கு உத்தரவு. சொந்த வீடு எரிவதாக நினைத்தவர்கள் அதற்குக் கட்டுப்பட்டு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. எதிர்க்கரையில் நின்ற சிப்பாய்களிடமிருந்து குண்டு வந்தது. முன்வரிசையில் வந்த ஆக்டன் ஊர்த் துப்பாக்கிக் கொல்லர் ஐசக் டேவிஸ் விழுந்தார். அப்புறம்தான் ஊர்ப்படையை நடத்திவந்த மேஜர் பட்ரிக் சுடச் சொன்னார்.

புகைக்குப் பஞ்சை மெல்லிய கம்பியில் இழுத்துச் சுற்றி, அடியில் பென்சில் தூளைத் தேய்த்தேன். உருட்டி வைத்தால் மேகம் மாதிரி ஆகிவிடுகிறது. பிரித்துப் பிரித்து இழுக்க வேண்டும்.

ஆறுதான் பாக்கி. வெள்ளைப் பசையைக் கனமாக ஊற்றியது தப்பு, ஈரக்காற்றில் பால் மாதிரி மங்கிக் கிடக்கிறது. சுரண்டிவிட்டு மெல்லிய பூச்சாகப் போட வேண்டும்.

ஒட்டாத பலகைகள், பின்வாங்கிய சிப்பாய்கள் பெயர்க்கத் தொடங்கியவை. சுடுவதற்கு முன்பே, அதை நிறுத்தச் சொல்லிப் பட்ரிக் கத்தினார். குனிந்து பலகையைத் தூக்கும் சிப்பாயைக் களிமண்ணில் பிடித்துவிட்டேன், காய்ந்துகொண்டிருக்கிறான்.