சுங்கத் துறை வேலை எனக்கு ஒத்துவருமா? பந்திங் நாட்குறிப்பு

8 ஜூன் 2025, ஞாயிறு

மலேசியப் பொதுச் சேவை ஆணையத்தின் இணையப் பக்கத்தில் என் விவரங்களைப் புதுப்பித்தேன். விரும்பும் பதவி என்ற இடத்தில் 'பெனோலோங் பெங்குவாசா கஸ்தாம்', அதாவது உதவிச் சுங்கக் கண்காணிப்பாளர், என்று போட்டுவிட்டு, அனுப்பாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்தவர்களுக்கு இதற்குக் கீழே ஒரு படி, பட்டதாரிகளுக்கு மேலே ஒரு படி. என்னிடம் இருப்பது பொலிடெக்னிக் டிப்ளோமா. படிப்புத் தகுதியில் குறையில்லை. அந்த வேலைக்கு ஏற்ற ஆளா நான் என்பதுதான் கேள்வி.

அப்பாவுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியே வயதானவர். "கவர்மெண்டு வேல, உத்தியோக உடுப்பு, வேற என்னா வேணும்?" என்கிறார். அம்மாவுக்குப் பயம். 2013 ஏப்ரலில் சுங்கத் துறையின் துணைத் தலைமை இயக்குநர் டத்தோ ஷஹாருடின் இப்ராஹிம் புத்ராஜெயாவில் காரில் இருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். அதை அம்மா இன்னும் மறக்கவில்லை. அவ்வளவு பெரிய பதவியில் இருந்தவருக்கே பாதுகாப்பில்லையே என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை.

முடிவு தெரியும்வரை இங்கே எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் யாருக்காவது உதவலாம்.

10 ஜூன், செவ்வாய்

விற்பனை வரி, சேவை வரி விரிவாக்கத்தை நேற்று அறிவித்தார்கள். ஜூலை 1 முதல் அமல். சரக்குகளுக்குச் சுங்கப் பாரம் நிரப்பிக் கொடுக்கும் கிள்ளான் ஃபார்வர்டிங் ஆபீஸில் நான் வேலை செய்கிறேன். அங்கே காலையிலிருந்து போன் ஓயவில்லை. எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "என் சரக்குக்கு எவ்வளவு?"

இறக்குமதிக்கு கே1, ஏற்றுமதிக்கு கே2 பாரம் நிரப்புவதுதான் என் அன்றாட வேலை. பார்ப்பவர்களுக்கு இது குமாஸ்தா வேலை. எனக்கு இதில் பிடித்தது எச்எஸ் குறியீடு, ஒவ்வொரு பொருளையும் வகைப்படுத்தும் எண். உலகச் சுங்க அமைப்பு வகுத்த முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, அடுத்த இரண்டு ஆசியான் சேர்த்தது. போன வாரம் இந்தியாவிலிருந்து குத்துவிளக்கு வந்தது. பித்தளைச் சாமான் என்று பார்த்தால் 74ஆம் அத்தியாயம். அலங்காரப் பொருள் என்றால் 8306. எண்ணெய் ஊற்றி ஏற்றும் விளக்கு என்றால் 9405. வரி எவ்வளவு என்பது அந்த எண்ணைப் பொறுத்தது. விதிகளைப் புரட்டி, பொருளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, சக ஊழியரோடு வாதாடி ஒரு முடிவுக்கு வரும்போது கிடைக்கிற திருப்தி எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரியாக உட்கார்ந்தாலும் அந்தத் திருப்தி இருக்குமா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

14 ஜூன், சனி

எங்கள் தாமானிலேயே (குடியிருப்புப் பகுதி) ஓய்வு பெற்ற சுங்க அதிகாரி ஒருவர் இருக்கிறார். அம்மாவோடு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தேத்தண்ணி ஆறும்வரை பேசினார்.

"சினிமாவுல வர்ற மாதிரி போட்ல துரத்துற வேலன்னு நெனச்சிக்கிட்டு வராதம்மா" என்றார். மலாக்காவில் உள்ள அக்மால், அதாவது சுங்கத் துறைக் கல்விக்கழகம், அங்கே பயிற்சி. அப்புறம் எந்தப் பிரிவில் போடுவார்கள் என்று சொல்ல முடியாது. அமலாக்கம், போதைப்பொருள், உள்நாட்டு வரி, பொருளை வகைப்படுத்தி மதிப்பிடும் தொழில்நுட்பப் பிரிவு என்று பல உண்டு. இந்த வருஷம் எல்லைக் கட்டுப்பாடு, பாதுகாப்பு நிறுவனம் என்று புதிதாக ஒன்று வேலையைத் தொடங்கியிருப்பதால், நுழைவாயில்களில் யார் எங்கே நிற்பது என்பதும் மாறிக்கொண்டிருக்கிறதாம். இடமாற்றம் நிச்சயம். தாய்லாந்து எல்லையில் உள்ள பாடாங் பெசார், சபாவில் உள்ள தாவாவ், எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அதைக் கேட்டதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்கிள், உங்களுக்கு எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டேன். லஞ்சம் என்பார் என்று எதிர்பார்த்தேன். அதையும் சொன்னார்: நேரடியாக யாரும் பணத்தை நீட்ட மாட்டார்கள், பிள்ளை பிறந்தநாளுக்குப் பொருள் வரும், அதைத் திருப்பி அனுப்பும் தைரியம் வேண்டும். ஆனால் அதைவிடக் கஷ்டம், நாள் முழுக்கச் சந்தேகப்படுவது என்றார். "நூறு பேரப் பாப்பே. தொண்ணூறு பேரு நல்லவன். அவங்ககிட்டயும் மரியாதையா சந்தேகப்படணும். சந்தேகம் வந்தவொடனே மரியாத போவுது பாரு, அப்ப நீ கெட்டுட்டேன்னு அர்த்தம்."

இரவு 1967 சுங்கச் சட்டத்தைப் புரட்டினேன். பிரிவு 119 கண்ணில் பட்டது. வரி கட்டப்பட்டதா, சரக்கு முறையாக வந்ததா என்று தகராறு வந்தால், நிரூபிக்கும் பொறுப்பு அதிகாரியுடையது அல்ல, எதிர்த்தரப்புடையது. இவ்வளவு அதிகாரத்தைக் கையில் கொடுத்த பிறகு மரியாதையைச் சட்டம் சொல்லித் தராது. அதை நாமேதான் கொண்டு போக வேண்டும்.

19 ஜூன், வியாழன்

அப்பாவிடம் ஒரு விஷயம் சொன்னேன். அவர் வெட்டிய குலையிலிருந்து எடுத்த கச்சாச் செம்பனை எண்ணெய் நாட்டை விட்டு வெளியே போகும்போது அதற்கும் ஏற்றுமதி வரி உண்டு. டன் விலை 2,250 ரிங்கிட்டைத் தாண்டினால்தான் வரி, விகிதத்தை மாதாமாதம் அறிவிக்கிறார்கள், வசூலிப்பது சுங்கத் துறை. "இத்தன வருஷம் வெட்டுனேன், இது எனக்குத் தெரியாதே" என்றார். 1511 என்று குறியீட்டையும் கேட்டு வைத்துக்கொண்டார்.

22 ஜூன், ஞாயிறு

இன்றுதான் எனக்குள் ஏதோ தெளிந்தது.

லாரி மாமா வீட்டுக்கு வந்திருந்தார். கிள்ளான் துறைமுகத்தின் வெஸ்ட்போர்ட்டிலிருந்து கண்டெய்னர் ஏற்றுபவர். பேச்சு ஜெஞ்சாரோம் பக்கம் திரும்பியது. பந்திங்கிலிருந்து கிள்ளான் போகும் வழியில்தான் அந்த ஊர். 2018 தொடக்கத்தில் சீனா பிளாஸ்டிக் கழிவை வாங்குவதை நிறுத்தியது. அந்தக் குப்பை மலேசியா பக்கம் திரும்பியது. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அனுமதியில்லாத தொழிற்சாலைகள் முளைத்தன. இரவில் எரித்தார்கள். அந்தப் புகை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை இருமவைத்தது. பள்ளிப் பேருந்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு போனது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

2019 மே மாதம் அப்போதைய அமைச்சர் இயோ பீ இன் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர்களைத் திறந்து காட்டி, 3,000 டன் கழிவைத் திருப்பி அனுப்பப்போவதாகச் சொன்னார். பிளாஸ்டிக் கழிவுக்கு 3915 என்று தனித் தலைப்பே இருக்கிறது. அதன் கீழ் அறிவித்தால் பெர்மிட் கேட்பார்கள். வேறு குறியீட்டில் நுழைத்துவிட்டால் கேட்க ஆளில்லை. ஜெஞ்சாரோமில் எரிந்தது, கடைசியில், ஒரு பாரத்தில் தப்பாக எழுதப்பட்டு யாரும் நிறுத்தாமல் விட்ட நாலு இலக்கமாகவும் இருக்கலாம் என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு பதறியது.

வரும் ஜூலை 1 முதல் 3915க்குக் கட்டுப்பாடு இறுகுகிறது. ஆபத்தான கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் ஒப்பந்தத்தில் சேராத நாடுகளிலிருந்து அந்தக் கழிவு வரக்கூடாது. மற்ற நாடுகளிலிருந்து வருவதற்கு சிரிம் என்ற தர நிர்ணய நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தை ஏற்காத நாடு. தடை காகிதத்தில் வந்துவிட்டது. கண்டெய்னரைத் திறந்து, உள்ளே இருப்பதும் பாரத்தில் இருப்பதும் ஒன்றா என்று பார்க்க ஆள் வேண்டும்.

28 ஜூன், சனி

ஆப்பிள், ஆரஞ்சு, மாண்டரின், பேரீச்சைக்கு விற்பனை வரி இல்லை என்று நேற்று மாற்றிச் சொல்லிவிட்டார்கள். ஆபீஸில் பட்டியலைத் திரும்பத் தயாரித்தோம்.

மாலையில் வேறொரு கேள்வி வந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்துப் பக்கம் ஒரு சின்னக் கடையில் வரி முத்திரை இல்லாத சிகரெட் கிடைக்கும். எல்லாருக்கும் தெரியும். கடைக்கார அக்கா கணவரை இழந்தவர், மூன்று பிள்ளைகள். நாளைக்கு நான் அதிகாரியாக வந்தால்?

அண்ணன் கோபமாகவே கேட்டான், "நம்ம ஆளுங்க வயித்துல அடிக்கவா படிச்ச?" அவனுக்கு அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவுச் சாராயத்தைக் குடித்துப் பலர் செத்தார்கள். மலிவுச் சரக்கைத் தேடிப் போவது எப்போதும் கையில் காசு இல்லாதவர்கள்தான். சம்சு என்ற மலிவுச் சாராயம் தோட்டத்துக் குடும்பங்களை என்ன பாடு படுத்தியது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வரி கட்டாத வழியில் வருகிற பொருளை யாரும் சோதிப்பதில்லை. அந்த அக்காவைப் பிடிப்பதால் இது நிற்காது, சிகரெட்டைக் கொண்டுவந்து இறக்குகிறவனைப் பிடிக்க வேண்டும். ஆனாலும் சோதனைக்கு அந்தக் கடைக்கே என்னை அனுப்பினால் நான் போகத்தான் வேண்டும். போவேன். அக்கா என்னிடம் அப்புறம் பேசமாட்டார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1 ஜூலை, செவ்வாய்

வேலை அதிகம். இரவு எட்டுக்குத்தான் வீடு. எழுத முடியவில்லை.

6 ஜூலை, ஞாயிறு

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன்.

எனக்குப் பிடித்த பிரிவு தொழில்நுட்பப் பிரிவுதான். குறியீடும் மதிப்பீடும் பார்த்தே வாழ்நாள் முழுக்க இருந்துவிடுவேன். அது கிடைக்காமல் இரவு ஷிப்ட்டில் கண்டெய்னர் திறக்கும் இடத்தில் போட்டாலும் 3915ஐ நினைத்துக்கொண்டு நிற்க முடியும் என்று தோன்றுகிறது. இடமாற்றம் பற்றி அம்மாவிடம் பேசினேன். "சபாவுக்குப் போட்டா நானும் ஒரு மாசம் வந்து இருக்கேன்" என்றார். துப்பாக்கிச் சூட்டுப் பயம் அவருக்குப் போகவில்லை. போகவும் போகாது. தெரிந்தேதான் சரி என்றார்.

வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். ஊரைவிட்டுப் போக முடியாதவர்கள், தெரிந்தவர் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்ல முடியாதவர்கள் ஃபார்வர்டிங் ஆபீஸிலேயே நன்றாக வரலாம். பிரிவு 90இன் கீழ் சுங்க முகவர் உரிமம் இருக்கிறது, அதற்கான படிப்பும் இருக்கிறது. அதுவும் மானமுள்ள தொழில்தான்.

இனி எழுத்துத் தேர்வு, உடல் தகுதி, நேர்முகம். அங்கிள் சுங்கச் சட்டத்தை மலாயிலேயே படித்துவிட்டு வரச் சொன்னார், கேள்வி மலாயில்தான் வருமாம். நாளை முதல் மாலையில் பள்ளித் திடலில் ஓடப் போகிறேன். அழைப்பு வந்தால் எழுதுகிறேன்.