வேட்டையில் வில்லின் நாண் அதிர்ந்ததும் மான் ஏன் தாழ்கிறது?
ஓசை நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். நல்ல காம்பவுண்ட் வில்லின் (முனைகளில் கப்பி பொருத்திய நவீன வில்) அம்புக்கே 85 மீட்டர்தான். 30 மீட்டரில் நிற்கும் மானுக்கு நாண் ஓசை 0.09 நொடியில் எட்டிவிடும். அம்பு வர 0.35 நொடி. இடையில் கால் நொடி. அதற்குள் துள்ளி ஓடத் தயாராகி, கால்களை மடக்கி உடம்பை இறக்கிவிடும். அம்பைப் பார்த்துக் குனிகிறது என்பதெல்லாம் கதை. நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு முதுகுக்கு மேலே போகும். அல்லது முதுகெலும்புக்கு மேல் சதையில் பாய்ந்து, மானை வீணாகக் காயப்படுத்தும்.

வேகமான வில் வாங்கினால் தீராது. ஓசையை முந்தும் வில் கிடையாது. 20 மீட்டருக்குள் எய்வதே மேல். தலை நிமிர்த்தி, காதைத் திருப்பி, முன்காலால் தரையைத் தட்டும் மானை விட்டுவிடுங்கள். நிதானமாக மேயும் மானுக்கும் குறி நெஞ்சின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் இருக்கட்டும்: தாழாவிட்டால் இதயம், தாழ்ந்தால் நுரையீரல். நாணில் ரப்பர் சைலன்சர் கட்டி, அம்பின் எடையையும் கொஞ்சம் கூட்டினால் வில்லின் சத்தம் குறையும்.