1,850 டாலர் அனுப்ப மூன்று முறை வங்கிக்கு அலைந்த கதை

ஷென்சென்னில் ஒரு விற்பனையாளரிடம் ஸ்பிண்டில் மோட்டார்கள் (இயந்திரத்தில் வெட்டும் கருவியைச் சுழற்றுபவை) வாங்கினோம். மொத்தம் 1,850 டாலர். 30% அட்வான்ஸ், சரக்கு கிளம்புமுன் மீதி 70%. ஐஇசி (இறக்குமதி-ஏற்றுமதிக்கான பதிவு எண்), நடப்புக் கணக்கு, ப்ரொஃபார்மா இன்வாய்ஸ் (விற்பனையாளர் முன்கூட்டியே தரும் விலைப்பட்டியல்) எல்லாம் தயாராகவே இருந்தன. அப்படியும் மூன்று இடத்தில் மாட்டினோம்.

முதலில் பெயர். இன்வாய்ஸ் ஷென்சென் கம்பெனி பெயரில். அடியில் கொடுத்திருந்த கணக்கோ ஹாங்காங்கில் வேறொரு கம்பெனி பெயரில். சீன விற்பனையாளர்களிடம் இது சகஜம். நம் வங்கியின் பார்வையில் இது மூன்றாம் தரப்புக்குப் போகும் பணம். இதற்கு ரிசர்வ் வங்கி அனுமதி உண்டு, ஆனால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற வரி இன்வாய்ஸிலும், பின்னால் பில் ஆஃப் என்ட்ரியிலும் (சரக்கு வரும்போது சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஆவணம்) இருக்க வேண்டும். கவுன்டரில் இதை யாரும் விளக்கவில்லை. "இது ஆகாது" என்று பேப்பரைத் திருப்பித் தந்துவிட்டார்கள். விற்பனையாளரின் சொந்தப் பெயரிலுள்ள டாலர் கணக்கைக் கேட்டு வாங்குவதுதான் சுலபம், நாங்களும் அதையே செய்தோம். புதுக் கணக்கு எண் மெயிலில் வந்தால், ஏற்கெனவே பழக்கமான எண்ணில் கூப்பிட்டு ஒவ்வொரு இலக்கமாகப் படித்துச் சரிபாருங்கள். மெயிலை ஹேக் செய்து கணக்கு எண்ணை மாற்றும் மோசடி நடப்பது இந்த இடத்தில்தான். போன பணம் திரும்புவது அபூர்வம்.

அட்வான்ஸ் 555 டாலர் போனது. விற்பனையாளர் கையில் சேர்ந்தது 530. கட்டணத்துக்கான கட்டத்தில் 'எஸ்ஹெச்ஏ' (SHA, கட்டணத்தை இரு தரப்பும் பகிர்வது) என்று டிக் ஆகியிருந்ததால் இடையிலிருந்த வங்கி 25 டாலரைப் பிடித்துக்கொண்டது. 'ஓயுஆர்' (OUR) என்று போட்டால் செலவு நம் கணக்கில் ஏறும், அவருக்கு முழுத்தொகை சேரும். "சரி, மீதியோடு சேர்த்து 1,320 அனுப்பிவிடலாம்" என்று போனால், இன்வாய்ஸில் பாக்கி 1,295தானே என்று மறுப்பு. அது நியாயமான மறுப்பு. வங்கிக் கட்டணம் 25 என்று ஒரு வரி சேர்த்து இன்வாய்ஸைத் திருத்தி வாங்க வேண்டியிருந்தது. சரக்கோடு வரும் கமர்ஷியல் இன்வாய்ஸிலும் அதே 1,875 இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். இல்லையென்றால் பிறகு கணக்கு ஒட்டாது.

அதே நாள் பர்பஸ் கோடிலும் (பணம் எதற்குப் போகிறது என்று வங்கி பதியும் குறியீடு) சிக்கல். மீதித்தொகை என்பதால் ஊழியர் எஸ்0102 போட்டார். அது சரக்கு வந்தபின் இன்வாய்ஸைத் தீர்ப்பதற்கானது, உடனே பில் ஆஃப் என்ட்ரி கேட்பார்கள். சரக்கு இன்னும் கப்பலோ விமானமோ ஏறவில்லை என்றால் இரண்டாவது தவணையும் முன்பணம்தான்: எஸ்0101. படிவத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள்.

மாற்று விகிதத்தைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கிளையின் கார்டு ரேட்டை (அன்றைக்கு வங்கி அறிவிக்கும் பொது விகிதம்) விட்டு, வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவான ஃபாரெக்ஸ் டெஸ்கில் பேசி டாலருக்கு 50 பைசா குறைத்தாலே 1,850 டாலருக்கு 925 ரூபாய் மிச்சம். மாற்றுச் சேவைக்கு ஜிஎஸ்டி தனி. 1,50,000 ரூபாய் மாற்றினால் 225 ரூபாய்.

சாம்பிள் மாதிரி சின்னத் தொகை என்றால் கார்டு போதும். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆப்பில் ஆன் செய்து, ரூபாயில் கட்டவா என்று கேட்டால் டாலரையே தேர்ந்தெடுங்கள்.

பணம் போனதும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். முன்பணம் அனுப்பிய ஆறு மாதத்துக்குள் சரக்கு வந்தாக வேண்டும் (கேபிடல் கூட்ஸ் என்றால் மூன்று வருடம்), அதற்கான பில் ஆஃப் என்ட்ரி ஐடிபிஎம்எஸ்ஸில் (இறக்குமதிப் பணத்தையும் சரக்கையும் ஒப்பிடும் ரிசர்வ் வங்கியின் கணினி அமைப்பு) உங்கள் ரெமிட்டன்ஸோடு, அதாவது அனுப்பிய பணத்தின் பதிவோடு, இணைய வேண்டும். கூரியரில் வரும் சரக்குதான் இங்கே தொல்லை. ஐஇசியையும் ஏடி கோடையும் (உங்கள் வங்கிக் கிளையின் அந்நியச் செலாவணிக் குறியீடு) சரக்கு இறங்குமுன்பே கூரியர்காரருக்கு எழுத்தில் கொடுங்கள். இல்லையென்றால் பில் தானாக வந்து சேராது, ரெமிட்டன்ஸ் திறந்தே கிடக்கும், அடுத்த முறை பணம் அனுப்பும்போது வங்கி அதைக் காட்டி நிறுத்தும். 10 லட்சம் ரூபாய் வரையிலான பதிவுகளை இறக்குமதியாளரின் டிக்ளரேஷனை வைத்தே முடித்துக்கொள்ள 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வழி செய்திருக்கிறது. கிளையில் தெரியவில்லை என்றால் டிரேட் ஃபைனான்ஸ் பிரிவுக்கு நேரே மெயில் போடுங்கள். எங்கள் பதிவு அப்படித்தான் மூடப்பட்டது.