மச்சமும் மங்கலும்

இரட்டைச் சகோதரிகளின் பிறந்தநாள் ஆல்பம் அது. சுமார் 400 படங்கள். முகத் தோலைத் தானே திருத்திவிடும் தானியங்கி ரீடச்சிங் மென்பொருளை நம்பி ஒரு முழு வேலையையும் ஒப்படைத்தது அன்றுதான் முதல்முறை. ஒரு படத்தில் ஸ்லைடர்களை நகர்த்திப் பார்த்து, அதே அமைப்பை மற்ற எல்லாப் படங்களுக்கும் ஏற்றிவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரு பரு இல்லை, எண்ணெய் மினுமினுப்பு இல்லை. அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் அவர்களுடைய அம்மாவிடமிருந்து போன். கோபம்கூட இல்லை, குழப்பம்தான். "தம்பி, இதுல யாரு பெரியவ, யாரு சின்னவன்னு எனக்கே தெரியலையே?"

பெரியவளுக்கு இடது கண்ணுக்குக் கீழே கடுகளவு மச்சம். அந்த வீட்டில் ஆள் அடையாளமே அதுதான். மென்பொருளுக்கு அது தோலில் இருந்த ஒரு கறும்புள்ளி, அவ்வளவுதான். மச்சத்தைத் தொடாமல் விடுவதற்குத் தனித் தேர்வு ஒன்று அதிலேயே இருந்தது. நான்தான் மெனுவைத் திறந்து பார்க்கவில்லை.

இதில் வெட்கம் என்னவென்றால், எங்கள் தொழிலில் முதலில் சொல்லித்தரும் பாடமே இதுதான்: இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடுகிற பரு, கீறல் என்றால் எடுத்துவிடு, கூடவே இருக்கப்போகிற மச்சம், தழும்பு என்றால் கேட்காமல் தொடாதே. ஃபிலிம் காலத்துக்காரர்கள் நெகட்டிவின் மேலேயே கூர்சீவிய பென்சிலால் தீட்டுவார்கள். முகத்தில் நிழலாக விழும் சுருக்கம் நெகட்டிவில் வெளிறித் தெரியும். அங்கே பென்சில் கரியை ஏற்றினால் பிரிண்டில் சுருக்கம் மட்டுப்படும். ஒவ்வொரு கோட்டையும் பார்த்துத்தான் தீட்ட முடியும் என்பதால், எதை விடுவது என்ற கேள்வியும் கூடவே வந்துகொண்டிருக்கும். 2002-இல் ஃபோட்டோஷாப் 7-இல் ஹீலிங் பிரஷ் வந்தது. ஓரிடத்துத் தோலின் இழையை எடுத்து, ஒட்டும் இடத்தின் நிறத்துக்கும் ஒளிக்கும் பொருத்திவிடும். வேலை சட்டென்று வேகமானது. ஆனாலும் புள்ளிக்குப் புள்ளி நாம்தான் தொட வேண்டும். இப்போது தொடுவதே இல்லை. அதனால் பார்ப்பதும் இல்லை.

முகத்தை ஒல்லியாக்கும் ஸ்லைடரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எனக்குப் பிடிக்காது. பிரான்ஸில் 2017 முதல், மாடலின் உடலமைப்பை மாற்றிய விளம்பரப் படத்தில் 'திருத்தப்பட்ட படம்' என்று போட்டாக வேண்டும். நல்ல சட்டம்.

பின்னணி மங்கல் வேறு கதை. அதில் எனக்கு மயக்கமே உண்டு. முன்பெல்லாம் ஆளைச் சுற்றி மாஸ்க் வெட்டி, பின்னால் இருப்பதற்கு காஸியன் பிளர் என்ற சீரான மங்கலைப் போடுவோம். ஆளின் சட்டை நிறம் ஓரத்தில் கசிந்து ஒளிவட்டம் மாதிரி நிற்கும். அட்டையில் வெட்டி ஒட்டிய சாமி படம் போல இருக்கும். உண்மையான லென்ஸ் அப்படி மங்கலாக்குவதில்லை. 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8 என்ற அகலத் திறப்பில் வைத்து எடுத்தால், காலடித் தரை தெளிவாகத் தொடங்கி, தள்ளிப் போகப் போகக் கரையும். தூரத்து விளக்கு வட்டத் தட்டாக விரியும். காஸியன் பிளரில் அதே விளக்கு வெறும் கறையாகப் பரவிவிடும்.

2016-இல் ஐஃபோன் 7 பிளஸ் இரண்டு லென்ஸ்களின் பார்வை வித்தியாசத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டு, அதற்கேற்பப் பின்னணியை மங்கலாக்கியது. 2023-இல் லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் வந்த லென்ஸ் பிளர் வசதிக்கு இரண்டு லென்ஸ்கூட வேண்டாம். எப்போதோ எடுத்து முடித்த ஒரே ஒரு படத்திலிருந்து, எது அருகில், எது தள்ளி என்று தானே ஊகித்து ஒரு டெப்த் மேப் போட்டுக்கொள்கிறது. ஸ்கேன் செய்த பழைய படத்திலும் இதைச் செய்து பார்க்கலாம்.

ஊகம்தானே, தவறும். பறக்கும் முடி, மூக்குக் கண்ணாடியின் விளிம்பு, இடுப்பில் கைவைத்து நிற்பவரின் முழங்கைக்குள் தெரியும் இடைவெளி, இவையெல்லாம் வழக்கமாக மாட்டும் இடங்கள். அந்த இடைவெளியில் மட்டும் பின்சுவர் பளிச்சென்று நிற்கும். ஒருமுறை நிலைக்கண்ணாடி முன் தலை வாரும் பெண்ணின் படத்துக்கு மங்கல் போட்டேன். கண்ணாடியின் சட்டமும் உள்ளே தெரிந்த முகமும் ஒரே அளவுக்கு மங்கின. ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. என்ன என்று பிடிபட அரைமணி நேரம் ஆனது. பிம்பம் கண்ணாடியின் பரப்பில் இல்லை. அந்தப் பெண் கண்ணாடிக்கு எவ்வளவு முன்னால் நிற்கிறாளோ, அவ்வளவு தூரம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. லென்ஸுக்கு அது தெரியும். சட்டத்தைவிட முகத்தைக் கூடுதலாக மங்கலாக்கியிருக்கும். பிரஷ்ஷை எடுத்து டெப்த் மேப்பில் முகத்தைப் பின்னுக்குத் தள்ளினேன். படம் மூச்சுவிட்டது. இத்தனை வருடம் மங்கலை அழகு என்று மட்டும் நினைத்திருந்தேன். அது தூரத்தின் அளவு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அப்புறம், மங்கிய இடத்தில் கேமராவின் மணல்தன்மையும் அழிந்து பிளாஸ்டிக் போல வழவழப்பாகிவிடும். அங்கே கொஞ்சம் கிரெய்ன் தூவாவிட்டால் பழகிய கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன். மச்சத்தை விடச் சொல்லி மறுபடி ஓட்டினேன். இந்த முறை மச்சத்தோடு பாதிப் பருக்களையும் விட்டுவைத்தது. வேறு வழியில்லாமல் மூலப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து கையால் செய்ய உட்கார்ந்தேன். கடைசி ஐம்பது படங்களுக்கு வந்தபோது கை நின்றது. இருவருக்கும் மச்சம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். சின்னவள் கண்மை பென்சிலால் வைத்துக்கொண்டிருக்கிறாள். அதுவும் வலது கண்ணுக்குக் கீழே. எதிரில் உட்கார்ந்து அக்காவைப் பார்த்துப் பார்த்து வைத்திருப்பாள் போல, பக்கம் மாறிவிட்டது. மென்பொருள் இரண்டையும் ஒன்றாகத் துடைத்திருந்தது.

இரண்டு வாரம் என்ன, முகம் கழுவினாலே போய்விடுகிற மச்சம். பாடத்தின்படி எடுத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை.